தள்ளிப் படு

கோத்தகிரியிலிருந்து காளீஸ்வரனுக்கு இரண்டாம் தாரமாக எம்.ரெட்டியபட்டிக்கு வந்த எனக்கு, வெயிலைவிடப் பூரான்தான் பயம்.

"பாய நல்லா உதறி விரி தாயி, ஒண்ணும் வராது" என்றார் பக்கத்து வீட்டுத் தங்கலட்சுமி அக்கா. ஊரே அப்படித்தான் விரிக்கும். என் கணவர் மட்டும், "உதறாத. அப்படியே விரி" என்றார்.

மதியம் சாப்பிட்டதும் சிமென்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, காய்ந்ததும் பாயைப் போட்டுப் படுப்போம். தினமும் ஒரு சாண் நீளப் பூரான் வந்து அவர் தலையணையில் ஏறும். அவர் கண்ணைத் திறக்காமலே, "தள்ளிப் படு" என்பார். அது ஓரத்துக்கு நகர்ந்து படுத்துக்கொள்ளும். அவ்வளவு கனிவாக என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பூரானைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்தக் கரிசல்காட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"மூத்தவங்க இருந்தப்பவும் இது வருமாக்கா?"

"முருகலட்சுமி உசுரோட இருந்தவரைக்கும் அந்த வீட்ல பூரானே கெடையாதே."

நேற்று அவர் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். பூரானை விளக்குமாற்றால் அடித்துக் கொன்று வேலிக்கு வெளியே வீசினேன். பாயையும் ஆசை தீர உதறினேன்.

இன்று மதியம் அவர் வந்து படுத்தார். கண்ணைத் திறக்காமலே, அதே கனிவோடு, "தள்ளிப் படு" என்றார்.

என்னைத்தான். சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் கன்னத்தில் உரசாமல், என் கால்களை ஒவ்வொன்றாக, கடைசிக் கால் வரைக்கும் எடுத்து வைத்து, தலையணையின் ஓரத்துக்கு நகர்ந்தேன்.