பனியில் வெந்த சாதம்

"மாட்டேன் மிஸ்."

மேகலா இப்படி முகத்துக்கு நேரே சொல்வாள் என்று உஷாராணி எதிர்பார்க்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவள்தான் டீச்சரின் செல்லப் பெண்.

"ஏண்டி, உன்னை என்ன கொலையா பண்ணச் சொன்னேன்? பாத்திரத்தை மாத்தி வைக்கத்தானே சொன்னேன்?"

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் இருவரும் நின்றிருந்தார்கள். நடுவில், கண்ணாடி மூடி போட்ட சோலார் குக்கர் பெட்டி. வெயிலிலேயே சாதம் வடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. பாழாய்ப்போன வெயில்தான் வரவில்லை. டெல்லி ஜனவரிப் பனியில் பத்தடி தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டியே மங்கலாகத்தான் தெரிந்தது.

உஷாராணி முன்யோசனைக்காரி. நாலு நாளாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், காலையில் கிட்வாய் நகர் வீட்டிலேயே பிரஷர் குக்கரில் சாதம் வைத்து ஹாட்பாக்கில் கொண்டுவந்துவிட்டாள்.

"பன்னிரண்டு மணிக்கு எஞ்சினியர் சார் மாடிக்கு வருவார். அவர் திருப்தியாப் போனாத்தான் மே மாசம் எஞ்சினியரிங் காலேஜ்ல நடக்கிற முகாமுக்கு நம்ம பசங்க பத்துப் பேரை எடுப்பாங்க. லிஸ்ட்ல முதல் பேரு உன்னுது. உங்கம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு உன்னைப் படிக்க வைக்கிறா. கொஞ்சம் நினைச்சுப் பாரு."

"தெரியும் மிஸ். ஆனா அந்த சார்தானே காலைல சொன்னாரு, எஞ்சினியர் ஆகணும்னா அளந்து பாக்காததை எழுதக் கூடாதுன்னு?"

அனந்தகிருஷ்ணன் சார் சொன்னது உண்மைதான். அரசாங்க எஞ்சினியர். பள்ளி பள்ளியாகப் போய், இனிமேல் சூரியனும் காற்றும்தான் மின்சாரம் தரப் போகின்றன, அதற்கு எஞ்சினியர்கள் வேண்டும், அந்த எஞ்சினியர்கள் நீங்கள்தான் என்று பேசுகிறவர். பிள்ளைகள் கை வலிக்கத் தட்டியிருந்தார்கள்.

"மேடையில ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே."

உஷாராணியே பாத்திரத்தை மாற்றினாள். வேகாத அரிசி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு, தலைமையாசிரியர் பூவராகவன் முன்னால் வழிகாட்ட, அனந்தகிருஷ்ணன் கையில் ஃபைலோடு மாடி ஏறி வந்தார்; பின்னாலேயே பிள்ளைகளும் வந்தார்கள். பெட்டியைத் திறந்தார். ஆவி பறந்தது. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அச்சா. பூ மாதிரி வெந்திருக்கு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். உஷாராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சார், அது மிஸ் வீட்டுல வெந்தது."

கைதட்டல் நின்றது. மேகலா தொட்டிக்குப் பின்னாலிருந்து இன்னொரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுதான் சார் பெட்டில வெச்சது. காலைல ஒன்பதரைக்கு வெச்சோம். லேப் தெர்மாமீட்டர் போட்டுப் பாத்தேன். நாற்பத்தெட்டு டிகிரிக்கு மேல ஏறலை. அரிசி அப்படியே இருக்கு."

உஷாராணிக்குக் காது மடல் எரிந்தது. இவளுக்காகத்தானே இத்தனையும்? கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?

"சார்கிட்ட சாரி கேளு," என்றார் பூவராகவன்.

"எதுக்கு சார்? நான் பொய் சொல்லலியே."

"வாயைப் பாருங்க இவளுக்கு!"

அனந்தகிருஷ்ணன் முகம் கறுத்துவிட்டது. "பெரியவங்களை நாலு பேர் முன்னால அவமானப்படுத்தற பொண்ணு எஞ்சினியர் ஆகி என்னத்தைக் கிழிக்கப் போறா? முகாம் லிஸ்ட்ல இவ பேரு வேண்டாம். இப்பவே அடிச்சுடறேன்."

ஃபைலைப் பெட்டியின் மேல் வைத்துத் திறந்து, சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

மேகலா நகரவில்லை. தன் பெயர் அடிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று நின்றாள். ஆனால் ஃபைலில் மேலாக இருந்தது அந்த லிஸ்ட் இல்லை. ஆங்கிலத்தில் டைப் அடித்த வேறு தாள். அவள் குனிந்து படித்தாள்.

"சோலார் குக்கர் நன்றாக வேலை செய்தது. சாதம் நன்றாக வெந்தது. மாணவர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள்னு போட்டிருக்கு. நம்ம ஸ்கூல் பேரு, இன்னிக்குத் தேதி, கீழே உங்க கையெழுத்து." அவள் நிமிர்ந்தாள். "இப்பத்தானே சார் மூடியைத் திறந்தீங்க? இதை எப்ப டைப் அடிச்சீங்க?"

அனந்தகிருஷ்ணன் ஃபைலைச் சட்டென்று மூடினார்.

"உஷாராணி, முதல்ல இந்தப் பொண்ணைக் கீழே கூட்டிக்கிட்டுப் போங்க," என்று பூவராகவன் பல்லைக் கடித்தார். "ஜல்தி."

உஷாராணி மேகலாவிடம் போனாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். கையில் காலில் விழுந்தாவது முகாமைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.  அந்தப் பெண் வேகாத அரிசிப் பாத்திரத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

உஷாராணி அந்தப் பாத்திரத்தை வாங்கி, மூடிய ஃபைலின் மேல் வைத்தாள்.

"பொய்ச் சாதம் என்னுது சார், அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப என் பொண்ணு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லுங்க."