மாற்றுத் தாள்

கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மாசி வெயில் மேசையின் பாதியோடு நின்றுவிடுகிறது. சிவகௌரி உள்ளூர்ச் சட்டக் கோப்பின் இரும்பு வளையங்களைத் திறக்கிறாள். பூங்காவில் நாய்களைப் பற்றிய விதி ஒன்று மாறியிருக்கிறது. பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கோக்க வேண்டும். போன வருடம் கண்மூடும்வரை இந்த வேலையைச் செய்தவர் அவள் கணவர் அம்பலவாணன். சரிபார்த்த ஒவ்வொரு தாளின் மூலையிலும், இந்த வெளிநாட்டில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று, பென்சிலால் தமிழிலேயே 'சரி' என்று எழுதிவைத்திருக்கிறார். கழற்ற வேண்டிய தாளிலுள்ள அந்த எழுத்தின்மேல் அவள் விரல் நிற்கிறது. எதிர் மேசையில் பியற்றிஸ் தேநீரை ஊதுகிறாள்.

"என்னக்கா, நாய்ச் சட்டத்தை இவ்வளவு நேரமா வாசிக்கிறியள்? உங்களிட்ட நாயும் இல்லையே."

"இவரின்ரை எழுத்து, பியற்றிஸ். குப்பையில போட மனம் வரேல்லை. கோப்பில விடவும் ஏலாது. பழசைப் பாத்து ஆருக்கும் தண்டம் அடிச்சுப்போடுவினம்."

"ஆர் குப்பையில போடச் சொன்னது? பின்னால பழைய தாளுகள் வைக்கிற பச்சைப் பெட்டியில வையுங்கோ. போன மாதம் நடந்ததுக்கு வழக்கு வந்தா, அந்தத் தாள்தானே சட்டம்."

சிவகௌரி பழைய தாளில் முடிவுத் திகதியைக் குறித்துப் பெட்டிக்குள் வைக்கிறாள். புதியதை வரிவரியாகச் சரிபார்த்துக் கோக்கிறாள். வளையங்களை மூடுமுன், அதன் மூலையில் பென்சிலால் சின்னதாக எழுதுகிறாள்: 'சரி.'