வெளுத்ததெல்லாம்

பாலை வாஷ்பேசினில் ஊற்றியபோது டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கரையாத சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரையாகவே இருக்கட்டும் என்று மருமகள் வேண்டிக்கொண்டாள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி வளர்ந்தவள் அவள். இன்று பாலையே நம்ப முடியவில்லை.

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுப்படியில் மாமியார் ராஜ்ஜியம். பெட்டியோடு வந்து இறங்கியவள், முதல் வேலையாகக் குக்கரைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். பானையில் வெந்த சோறுதான் பெற்றவள் உடம்பில் ஒட்டும் என்பது அவள் கட்சி. மகன் பஸ் டிரைவர். ரோட்டில் எவ்வளவு பெரிய லாரிக்கும் வழிவிடாதவன், அம்மா எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கிவிடுவான்.

தொட்டில் கூடத்தில், அடுப்படி வாசலை ஒட்டித் தொங்கியது. உள்ளறையில் படுத்திருக்கும் மருமகளுக்குக் குழந்தையின் அழுகை கேட்க வேண்டுமே என்று டிரைவர் ஒரு பேபி மானிட்டர் வாங்கி வந்திருந்தான். கீழ்வீட்டுப் பெண்ணுக்கும் அதே மாதம்தான் பிரசவம். அவள் வீட்டில் இருப்பதைப் பார்த்து, அதே கடையில் அதையே கேட்டு வாங்கியது. தொட்டிலருகே ஒரு பெட்டி, கட்டிலருகே ஒரு பெட்டி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

சற்று முன் அதில்தான் அந்தக் கிசுகிசுப்பு கேட்டது.

“பால்ல கலந்து குடுக்கப் போறேன். அவளுக்கு ருசியெல்லாம் தெரியாது.”

மருமகள் எழுந்து உட்கார்ந்தாள். நடுவில் குக்கர் விசிலடித்தது. அது ஓயும்வரை பேச்சும் நின்றது.

“அசந்ததும் குழந்தையத் தூக்கிட்டு வந்துடறேன். வண்டிய தெருமுனையிலயே நிறுத்தச் சொல்லு. அவளுக்கென்ன, வயசிருக்கு. இன்னொண்ணு பெத்துக்குவா.”

பிறகு வெறும் இரைச்சல். போனில் பேசியது யாரோடு என்று அவள் யோசிக்கவே இல்லை. நாத்தனாருக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லை. இந்தக் குழந்தையை முதல் தடவை கையில் வாங்கியவள், திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் நின்றது இப்போது ஞாபகம் வந்தது. தொட்டிலைக் கூடத்தில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது யார்? புட்டிப்பாலும் பழக்கி வை என்று போன வாரம் சொன்னது யார்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். அதட்டி முடிப்பதற்குள் கதவு திறந்தது. மாமியார் டம்ளரோடு நின்றாள்.

“சூடா குடிச்சிட்டு நல்லாத் தூங்கும்மா. குழந்தைய நான் பாத்துக்கிறேன்.”

அந்தப் பால்தான் வாஷ்பேசினில் போனது. கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவன் யார் போனையும் எடுக்க மாட்டான். எடுத்தாலும் என்ன சொல்வது? உங்க அம்மா என் குழந்தையைத் திருடப் பார்க்கிறாள் என்றா? பிள்ளை பெற்ற அசதியில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

காலி டம்ளரோடு கூடத்துக்கு வந்தாள். மாமியார் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பார்த்தாள். பிறகு மருமகளின் கண்களை உற்றுப் பார்த்தாள்.

“குடிச்சும் தூக்கம் வரலையா?”

வரும் அத்தை என்று சொல்லிக்கொண்டே தொட்டிலுக்குள் கையை விட்டாள். மாமியார் சட்டென்று எழுந்தாள். கத்தி கையிலேயே இருந்தது. தூங்குகிற பிள்ளையை எதற்குத் தூக்குகிறாய், விட்டுவிட்டுப் போய்ப் படு என்றாள். கீழ்வீட்டில் டயப்பர் தருவதாகச் சொன்னார்கள், வாங்கி வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் இவள். டயப்பர் வாங்கக் குழந்தை எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. நல்லவேளை, மாமியார் கேட்கவில்லை.

“இரு, நானும் வரேன். தனியா இறங்காத.”

செருப்பைக்கூடத் தேடாமல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. மெதுவாப் போம்மா, மெதுவாப் போம்மா என்று மாமியாரின் குரல் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது. குழந்தை விழித்துச் சிணுங்கியது. அதன் வாயைப் பொத்தக்கூட அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காகவே அழுகை வந்தது.

கீழ்வீட்டுக்காரி நம்புவாள். இதே படிகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவளோடு சேர்ந்து மூச்சு வாங்கியவள். அவளுக்கும் கையில் பச்சைக்குழந்தை. டிரைவர் வரும்வரை அவளோடு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். மருமகள் அழைப்பு மணியை விடாமல் அழுத்தினாள்.

கதவைப் பாதி திறந்தது கீழ்வீட்டுக்காரியின் மாமியார். தோளில் பேரக்குழந்தை, குல்லாயும் சாக்ஸும் போட்டு வெளியே கிளம்பத் தயாராக. காலடியில் ஒரு பயணப் பை. உங்க மருமகளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், ரொம்ப அவசரம் என்றாள் இவள், மூச்சு இரைக்க.

அந்த அம்மாள் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்துக் கிசுகிசுத்தாள்.

“சத்தம் போடாதம்மா. இப்பத்தான் பாலைக் குடிச்சிட்டு அசந்து தூங்கறா.”