காட்டேரிக்கு மாலை

சவுக்குத் தோப்பில், கோரைப்பல் தெரிய நின்ற சிலைக்குக் கன்னியம்மா மாலை போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வழியே வந்த ரிசார்ட் மேனேஜர் அபிஷேக் பைக்கை நிறுத்திச் சிரித்தான்.

"அம்மா, இது முனீஸ்வரன் இல்ல. எங்க ரிசார்ட் ரத்தக்காட்டேரி பொம்மை! ரெண்டு வருஷமா இதோட செல்ஃபி எடுக்க அப்படியொரு கூட்டம். இப்ப எல்லாருக்கும் டைனோசர்தான் வேணுமாம். அதான் இதத் தூக்கிப் போட்டோம்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா கும்புடறீங்க?"

"கும்புடல சார்."

சிலையின் வாயோரச் சிவப்புச் சாயத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"எம்புள்ளைய நிக்க வெச்சுதான் இந்தப் பொம்மைக்கு அச்சு எடுத்தாங்க. போன வருசம் இதே நாள்ல கடலுக்குப் போனான். பொணமாதான் வந்தான்."

அபிஷேக்கின் சிரிப்பு நின்றது. "வீட்ல போட்டோ இல்லியாம்மா?"

"கீது சார். அதுல அவன் இம்மாம் ஒயரம் இல்லியே."