முடிவுரை

மழை இருட்டில் மதியம் மூன்றரை மணிக்கே ஆய்வுக்கூடத்தில் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ரெஷ்மா மறுபடியும் லிங்கத்தின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் மலையாளத்தில் சொன்னது.

“எத்தனை தடவை போடுவே? வெச்சுட்டு உக்காரு” என்றார் லலிதாம்பாள். அவளுடைய பிஎச்டி வழிகாட்டி. ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர். அவர் கையிலிருந்த சிவப்புப் பேனா மூடியிருந்து மாணவர் யாரும் பார்த்ததில்லை.

“மாடம்மாக்காவும் எடுக்கல்ல மேடம். நான் பஸ் ஏறிப் போயிரட்டா?”

“எப்படிப் போவே? ரோட்டை அடைச்சாச்சுன்னு காலம்பறவே நியூஸ்ல சொல்லிட்டா.”

மாடம்மாள் கல்லாற்றில் ஆற்றங்கரையோரம் டீக்கடை வைத்திருப்பவள். இரண்டு மழைக்காலம் அவள் வீட்டில் தங்கித்தான் ரெஷ்மா சோதனைக்கு மண் எடுத்தாள். அந்த வரிசை வீடுகளுக்கு நேர் மேலே மலைச்சரிவு. சரிவில் பூட்டிக் கிடக்கும் எஸ்டேட் பங்களாவின் பின்சுவரை ஒட்டித்தான் முதல் விரிசலைக் கண்டாள். போன மாதம் பார்த்தபோது அதற்குள் கை நுழைந்தது.

சரிவு இந்த மழையைத் தாங்காது. அதை எழுதி, அங்குள்ள மலையோர நிவாரணச் சங்கத்துக்கு முந்தாநாள் அனுப்பியிருந்தாள். சங்கச் செயலாளர் லிங்கம் ‘கிடைச்சது’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டார். பிறகு ஒன்றுமில்லை.

“படிச்சிருப்பாரா மேடம்?”

“எழுதிக் குடுத்தாச்சோன்னோ. படிக்காம வெச்சுண்டு என்ன பண்ணுவா?”

“நான் முதல்ல எழுதினத அப்படியே அனுப்பிருக்கலாம்.”

“எது? ‘சரிவு நகருது, ஆளுகளை மாத்துங்க’ன்னு ஆரம்பிச்சியே, அதுவா? அது ரிப்போர்ட்டா, பஸ் ஸ்டாண்ட் போர்டா?”

அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் லலிதாம்பாள் எழுதியிருந்தார்: முன்பு சொன்னவர்கள் முதலில், நீ கண்டது கடைசியில்.

ஜர்னலுக்கும் அதுதான் முறை. ரெஷ்மா முறைப்படி மாற்றினாள். அந்தச் சரிவை உறுதியானதென்று எழுதிவைத்த பழைய ஆய்வாளர்களுக்கு உரிய மரியாதை செய்தாள். மழை அளவு, மண் சோதனை, வரைபடம் எல்லாம் கடந்து, முடிவுரையில்தான் விரிசலுக்கு வந்தாள்.

“உன் எழுத்து இப்போதான் எழுத்து மாதிரி இருக்கு” என்று அன்றைக்கு லலிதாம்பாள் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேசைமேல் போன் அதிர்ந்தது. லிங்கம் ஒரு படம் அனுப்பியிருந்தார்.

நனைந்த ஜீப். அதில் பாய்ச்சுருள், அடுப்பு, ஓர் ஆடு. நடுவில் டீ பாய்லரை மடியில் அணைத்துக்கொண்டு மாடம்மாள். ஜீப்பின் முகம் மலையைப் பார்த்து நின்றது. கீழே ஒரு வரி: எல்லாரையும் மாத்தியாச்சு.

ரெஷ்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்தைப் பெரிதாக்கி மாடம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

“பாத்தியா, ஆடு கூடத் தப்பிச்சுடுத்து” என்றார் லலிதாம்பாள். “முறையா எழுதினா யாரானாலும் கேப்பா.” சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

அப்போது லிங்கமே கூப்பிட்டார். ரெஷ்மா ஸ்பீக்கரில் போட்டாள். மழைச் சத்தத்துக்கு மேல் அவர் கத்திப் பேசினார்.

“மோளே, பேடிக்க வேண்டாம், பயப்படாதே கேட்டோ. ஆத்தங்கரையில இப்ப ஒரு குஞ்சு குட்டி இல்ல. மாடம்மாதான் கடைய விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடி. ‘ரெஷ்மா எழுதிருக்கா, பேசாம ஏறு’ன்னேன். உன் பேரக் கேட்ட பெறகுதான் ஏறினா.”

ரெஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி லிங்கண்ணே. எல்லாரும் ஸ்கூல்லதானே இருக்காங்க?”

“ஆறு கரை ஏறி ஸ்கூல்ல முழங்கால் தண்ணியில்லா, மோளே. எங்க கொண்டு போறதுன்னு முழிச்சிட்டு நின்னேன், உன் முதல் பக்கந்தான் வழி காட்டிச்சு. அம்பது வருஷமா அசையாத சரிவுன்னு எழுதிருக்கேல்லா, அதுல இருக்க எஸ்டேட் பங்களாவுலதான் எல்லாரும்.”