குகை வாசலில் ஒரு பரீட்சை

"ஏம்மா, இன்னைக்குப் புதன்கிழமைதானே? பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இல்லையா?"

கோரின் கண்ணை மூடித் திறந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது ஆள். பெட்ரோல் பங்கில் ஒருவர், காப்பிக் கடையில் ஒருவர், இப்போது குகை வாசல் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாள். மிசௌரியில் வேலை நாளில் மூன்று பிள்ளைகளோடு வெளியே வந்தால் கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மடியில் உறை பிரிக்காத புது டார்ச் லைட்.

"இவங்க வீட்டுலயே படிக்கறாங்க மேடம். நான்தான் சொல்லித் தரேன்."

"ஓ, அந்தக் கூட்டமா. படிக்கிற நேரத்துல ஊர் சுத்த வந்தாச்சு."

"இதுவும் படிப்புதான். இந்த வாரம் பாறைகளைப் பத்திப் படிக்கறோம். அதான் நேர்ல காட்டலாம்னு."

"பார்க்கலாமே, என்ன படிப்புன்னு."

ரொட்டி தின்றுகொண்டிருந்த மூத்தவன் தாடியஸ் பக்கம் அந்த அம்மாள் திரும்பினாள். "தம்பி, பதிமூணு ஏழு எவ்வளவு?"

"தொண்ணூத்தொண்ணு."

அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் வாடியது. எட்டு வயது வில்லாவைப் பிடித்தாள். "நீ சொல்லு. மொன்டானாவோட தலைநகரம் எது?"

வில்லா அம்மாவின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னாள். "பாவம்மா. இவ்வளவு வயசாகியும் இவங்களுக்குத் தெரியல. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"ஹெலினா, மேடம். மறந்துடாதீங்க."

அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசிக் குட்டி ஆன்செல் மிச்சம். ஐந்து வயது. "குகைக்குள்ள மேலேருந்து ஊசி ஊசியாத் தொங்குமே, அதுக்கு என்ன பேர்?"

"தெரியாது," என்றான் ஆன்செல். "உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

பிடி கிடைத்துவிட்டது.

"பார்த்தீங்களா? அடிப்படையே தெரியல. பள்ளிக்கூடம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? ஒழுங்கு, நேரம், நேர்மை, எல்லாம் அங்கதான் வரும். நாலு பேரோட எப்படிப் பழகப் போறாங்க இவங்க?"

நாலு பேரோடு பழகத் தெரியாத ஆன்செல் அதற்குள் டிக்கெட் கிழிப்பவரிடம் போய், அவர் வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களை மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக் கூடாது. கல்வி ஆபீஸ் நம்பர் என்கிட்ட இருக்கு. அந்தப் பச்சை வேன் உங்களதுதானே?" போனை நீட்டி வேனின் நம்பரைப் படம் பிடித்தாள்.

கோரின் ஆன்செலைத் திரும்பிப் பார்த்தாள். போன வருஷம் இப்படித்தான் யாரோ ஒரு புண்ணியவதி புகார் கொடுத்தாள். அதிகாரி வீட்டுக்கு வந்து, நோட்டுகளையெல்லாம் புரட்டி, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம், காலிங் பெல் அடித்தாலே ஆன்செல் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று.

"வேண்டாம் மேடம். சின்னவன் பயந்துடுவான்."

"அது என் கடமைம்மா." எண்களை அழுத்த ஆரம்பித்தாள்.

அதற்குள் அந்தப் போனே மணி அடித்தது. பெயரைப் பார்த்தாள். எழுந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். தொண்டையில் மணலைக் கொட்டியதுபோல் குரல் மாறிவிட்டது.

"சார்... இல்ல சார், காய்ச்சல் இன்னும் விடல. ஒரே இருமல்." சாட்சிக்கு இரண்டு தடவை இருமினாள். "என் கிளாஸை இன்னைக்கு மட்டும் வேற டீச்சர் பார்த்துக்கட்டும். ஆமா சார், படுக்கையிலதான் இருக்கேன்."

ஒலிபெருக்கி அலறியது. "பதினோரு மணிக்குக் குகைக்குள் போகிறவர்கள் வாசலுக்கு வரவும்."

"அது டிவி சார்," என்று சொல்லிப் பட்டென்று அணைத்தாள்.

திரும்பினால், ஒரு குடும்பமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சரா நீங்க?" கோரின் நிதானமாகக் கேட்டாள். இவ்வளவு இனிப்பான கேள்வியை அவள் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எந்த ஸ்கூல், சொல்லுங்க. எனக்கும் ஒரு கடமை இருக்கு."

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வேன் படத்தைத் தானாகவே அழித்து, கோரினிடம் காட்டினாள்.

"ஸ்கூலுக்குப் போன் போட்டுடாதீங்கம்மா."

"ஊர் சுத்தணும்னா சனிக்கிழமை வர வேண்டியதுதானே? பொய் சொல்லிட்டுத்தான் வரணுமா?"

"சனிக்கிழமை வந்தா என் கிளாஸ் பிள்ளைங்க யாராவது இருக்கும். கோடை லீவுலயும் அப்படித்தான். உள்ள நான் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறதை அதுங்க பார்த்துட்டா அவ்வளவுதான்."

"பார்த்தா என்ன?" என்றான் தாடியஸ்.

அவள் டார்ச் லைட்டை மடியில் உருட்டினாள்.

"நாலாங் கிளாஸுக்குக் குகைப் பாடம் எடுக்கறது நான்தான் தம்பி. பத்தொன்பது வருஷமா, புத்தகத்துல இருக்கற படத்தைக் காட்டி. வருஷா வருஷம் பஸ் கேட்பேன், முடியாதும்பாங்க. வருஷா வருஷம் ஒரு பிள்ளை எழுந்து நிக்கும். 'டீச்சர், நீங்க உள்ள போயிருக்கீங்களா?'ன்னு கேட்கும்."

கோரின் போனைப் பைக்குள் போட்டாள்.

"நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள் வில்லா.

"மூணு தடவைன்னு."