மூட்டையில் அதே கொடி

ஹைத்தி மலைச்சரிவில் உச்சிவெயில் சுள்ளென்று அடிக்கிறது. எர்மித்தின் காட்டில் விதைக்கக் கூடிவந்த அண்டைவீட்டார் வேலைப்பாட்டுக்கு அடித்த மேளத்தை ஓரமாக வைத்துவிட்டு மாமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி கிடையாது, வயிறாரச் சோறுதான். விதைத்த கையோடு அடுப்படிக்கு வருகிறாள் எர்மித். உள்ளங்கையெல்லாம் ரோஸ் நிறம். வெளிநாட்டு உதவியாக வந்த பீன்ஸ் விதையில், பூச்சி அரிக்காமலிருக்கப் பூசிய விஷமருந்தின் சாயம் அது. நாத்தனார் இவ்ரோஸ், முதல் பந்திக்குப் பரிமாறியது போக அண்டாவில் மீதி கொதிப்பதைக் கிளறுகிறாள். ரோஸ் நுரை பொங்குகிறது. "பீன்ஸ் ஏதுடி?" "உள்ள இருந்த மூட்டைதான் அண்ணி. சாப்பாட்டு மூட்டையில இருக்குமே, அதே நாட்டுக்கொடி போட்டது. புயலுக்கப்புறம் எத்தனை மூட்டை தின்னுருப்போம்! இதுல என்னவோ சாயம், நல்லா அலசிட்டேன்." கரண்டி பிடித்த அவள் கையும் ரோஸ். எர்மித் மாமரத்துப் பக்கம் திரும்புகிறாள். மரத்தடியில் முதல் பந்தி தட்டை வழிக்கும் சத்தம் கேட்கிறது.